மேல் வரிசை தலைகீழ்

(பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை. சாயங்காலம். காலையில் கொடுத்துவிட்டுப் போன தாளை வாங்கக் கணக்கு வாத்தியார் ஒருவர் வருகிறார். கடைக்காரர் முகத்தில் பெரிய காரியம் முடித்த களை.)

வாத்தியார்: அண்ணாச்சி, ஐம்பது காப்பி சொன்னேனே, ஆச்சா?

கடைக்காரர்: ஆச்சு சார். அதோடு ஒரு பெரிய அவமானத்திலிருந்தும் உங்களைக் காப்பாற்றிவிட்டேன். அது என்ன, கேள்வித்தாளா?

வாத்தியார்: இல்லை, காமிக்ஸ். நானே வரைந்தது.

கடைக்காரர்: நினைத்தேன். கேள்வித்தாளில் கரப்பான் வராதே. சரி, எட்டுக் கட்டத்தில் மேல் வரிசை நாலும் தலைகீழாக நின்றது. கவனிக்கவில்லையா?

வாத்தியார்: (மெதுவாக) என்ன செய்தீர்கள்?

கடைக்காரர்: ஒரு காப்பி எடுத்தேன். நாலு கட்டத்தையும் தனித்தனியாக வெட்டி, நேராகத் திருப்பி, கோந்து போட்டு ஒட்டி, அதிலிருந்து ஐம்பது போட்டேன். டீக்குக்கூடப் போகவில்லை. ஒட்டினதுக்குக் காசு வேண்டாம், வையுங்கள்.

வாத்தியார்: ஐயோ அண்ணாச்சி! அது தலைகீழாகத்தான் இருக்க வேண்டும்!

கடைக்காரர்: எந்த ஊரில் சார்?

வாத்தியார்: இதோ பாருங்கள். ஏ4 தாளை எட்டாக மடித்துப் பிரிக்கிறேன். நடுக்கோட்டில், நடு இரண்டு கட்டத்து நீளத்துக்கு மட்டும் ஒரு வெட்டு. இப்போது நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் பிடித்து உள்ளே தள்ளினால்...

(தாள் கூட்டல் குறி மாதிரி விரிந்து, அப்படியே உள்ளங்கை அளவுப் புத்தகமாகப் படிகிறது.)

கடைக்காரர்: அட! பின் அடிக்காமலே புத்தகம்!

வாத்தியார்: எட்டுப் பக்கம், ஒரே பக்க அச்சு. இரண்டு ரூபாய்க்கு ஒரு புத்தகம். மடிக்கும்போது மேல் வரிசை தானாகத் தலை நிமிர்ந்துவிடும். இப்போது உங்கள் புண்ணியத்தில் பாதிப் புத்தகம் சிரசாசனம் செய்யும்.

கடைக்காரர்: இதை எழுதி வைத்திருக்கக் கூடாதா?

வாத்தியார்: வைத்தேனே! "மேல் வரிசையைத் தொடாதீர்கள்" என்று, வெளிர்நீலப் பென்சிலில். காப்பியில் வெளிர்நீலம் விழாது. அதனால்தான் படம் போடுகிறவர்கள் முதல் கோட்டை அதில் போடுவார்கள், அழிக்க வேண்டியதில்லை.

கடைக்காரர்: சார், நான் ஒரிஜினலைக் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கிறவன். பார்ப்பது காப்பியை. மிஷின் கண்ணில் விழாதது என் கண்ணில் எப்படி விழும்?

(கணக்கு வாத்தியாரிடம் பதில் இல்லை. அபூர்வம்தான்.)

கடைக்காரர்: ஆனால் கதை பிரமாதம். ஒருவர் பாயும் தலையணையுமாகத் திண்ணையில் படுத்திருக்கிறார். அடுத்து வீட்டம்மா திட்டுகிறார்கள். அடுத்து பானை உடைகிறது. அடுத்து செருப்பு பறக்கிறது. அப்புறம் 'முற்றும்'. அப்புறம் தலைப்பு. அப்புறம் நன்றாகத் தூங்குகிறார், கடைசியில் கரப்பான் வருகிறது.

வாத்தியார்: ஏழாம் பக்கம், ஆறு, ஐந்து, நாலு! கதையைப் பின்னாலிருந்து படித்திருக்கிறீர்கள்!

கடைக்காரர்: அப்படியா? முதலில் தண்டனை, அப்புறம் திட்டு, என்ன குற்றம் என்று கடைசியில் தெரிகிறது. எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கும். நடப்பை எழுதியிருக்கிறீர்கள் என்றே நினைத்தேன். ஆமாம், வீட்டம்மா முகத்தை ஏன் வசனப் பலூன் மறைக்கிறது?

வாத்தியார்: ஆளை முதலில் வரைந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால், 'கண்ணுக்குத் தெரியவில்லையா உங்களுக்கு' என்பதற்கு இடம் இல்லை. வசனத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றிப் பலூன் போட்டு, மிச்ச இடத்தில்தான் ஆளை நிறுத்த வேண்டும். தமிழுக்குப் பலூன் ஊதி மாளாது அண்ணாச்சி.

கடைக்காரர்: இன்னொன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நான் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவன். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் போட்ட முதல் புத்தகமே அதுதான். எங்கள் மாமா பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்.

வாத்தியார்: நானும் படித்திருக்கிறேன். அதற்கென்ன?

கடைக்காரர்: மாயாவிக்குக் கரண்ட் பாய்ந்தால் உடம்பு மறையும், கை மட்டும் தெரியும். உங்கள் ஆளுக்கு உடம்பு முழுசாகத் தெரிகிறது, கையைத்தான் காணோம்.

வாத்தியார்: (தணிந்த குரலில்) கை வரைய வரவில்லை. விரல் போட்டால் வெண்டைக்காய்க் கட்டு மாதிரி வருகிறது. அதனால் எல்லாக் கட்டத்திலும் முதுகுக்குப் பின்னால் கட்டிவிட்டேன்.

கடைக்காரர்: செருப்பு எறிகிற கட்டத்திலுமா?

வாத்தியார்: செருப்பு மட்டும் பறக்கும். வாசகர் புரிந்துகொள்வார். சரி, இந்த ஐம்பதை என்ன செய்வது?

கடைக்காரர்: நாற்பத்தொன்பது சார்.

வாத்தியார்: ஒன்று எங்கே?

கடைக்காரர்: மத்தியானம் உங்கள் வீட்டம்மா ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தார்கள். சார் போட்ட படம் என்று பெருமையாகக் கொடுத்தேன்.

வாத்தியார்: (மேஜையைப் பிடித்துக்கொண்டு) என்ன சொன்னாள்?

கடைக்காரர்: ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் பேனா வாங்கி, அந்தத் திண்ணைக் கட்டத்தில் உங்கள் ஆளுக்குக் கை வரைந்தார்கள். என்ன அழகான விரல் சார்! இவர்கள் இருக்கும்போது நீங்கள் ஏன் கஷ்டப்படுகிறீர்கள்?

வாத்தியார்: அதை விடுங்கள். கை என்ன செய்துகொண்டிருந்தது?

கடைக்காரர்: இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது சார்.