விளையாட்டுப் பேச்சுக்குப் பிறகே வசூல்
மதுரை விளக்குத்தூண் பகுதி ஜவுளி மொத்தக் கடையின் விற்பனைப் பிரதிநிதியாக உசிலம்பட்டி, தேனி, போடி வரை சென்றுவந்த, நாங்கள் அண்ணன் என்றழைத்தவரைப் பற்றி வெளிவந்த அஞ்சலிக் கட்டுரை, அவருடைய விளையாட்டுப் பற்றை ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்குக் குறையாகவே படுகிறது. உசிலம்பட்டியில் எங்கள் கடைக்கு வந்தால், துணி மாதிரிகளைப் பிரிக்கும் முன்பே, 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 183 ஓட்டங்கள் மட்டுமே எடுத்த இந்தியா, மேற்கிந்தியத் தீவுகளை 140 ஓட்டங்களில் சுருட்டியதை நேற்று நடந்ததுபோல் விவரிப்பார். பாக்கியைக் கேட்பது அதற்குப் பிறகுதான், அதுவும் என் தந்தையாரின் முகம் பார்த்து. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் கபடியோ ஹாக்கியோ எது நடந்தாலும் தம் மகள்களையும் (அந்தக் காலத்தில் அது அபூர்வம்) அழைத்துச் செல்வார் என்பதையும், சித்திரைத் திருவிழாவுக்கு நாங்கள் குடும்பத்தோடு மதுரை வந்தால் அவர் வீட்டில்தான் சாப்பாடு என்பதையும் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம்.