அங்கர் பியர் ஆலைக்கு விடைகொடுத்தவர்களும் எங்கள் தவறணைகளும்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1896 முதல் அங்கர் என்ற பெயரில் இயங்கிவந்த பியர் ஆலை, தொழிலை நிறுத்திச் சொத்துகளை விற்றுக் கணக்கை முடிக்கப்போவதாக 2023 யூலை 12 அன்று அறிவித்தது. (நம் இலங்கையில் அங்கர் என்றால் பால்மாதான் நினைவுக்கு வரும், இது வேறு அங்கர், குழந்தைகளுக்கு உகந்ததன்று.) அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஆலைக்கு அருகிலிருந்த அவர்களுடைய பாரின் வாசலில் வரிசை நீளத் தொடங்கியது. அந்தப் பக்கத்தில் வசிக்கும் என் மச்சானும் அந்த வரிசையில் நின்று படங்கள் அனுப்பியிருந்தார். அவற்றை இங்கே நண்பர்களுக்குக் காட்டியபோது, குடிகாரருக்கும் செத்தவீடா என்று பகிடிதான் வந்தது. பகிடிக்குப் பகிடியாக அன்று பதில் சொல்லிவிட்டேன் என்றாலும், அந்த மக்கள் எதற்காக வந்து நின்றார்கள் என்பதை ஆறுதலாக எழுதவேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்தே இருந்தது.

அவர்கள் விடைகொடுத்தது வெறும் போதைக்கு அன்று. போதை வேண்டுமென்றால் அதே நகரத்தில் வீதிக்கு வீதி அது கிடைக்கும். கலிபோர்னியாவில் தங்கம் தேடிச் சனம் குவிந்த காலத்தில், குளிரில் புளிக்கவேண்டிய லாகர் பியரைக் காய்ச்சுவதற்குப் பனிக்கட்டியோ குளிரூட்டும் வசதியோ அங்கே போதியளவு இருக்கவில்லை. ஆகவே லாகர் நொதியத்தையே (பியரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்) வைத்துக்கொண்டு, அகலமான ஆழமற்ற திறந்த தொட்டிகளில் பியரை ஊற்றி, பசிபிக் கடலிலிருந்து வரும் குளிர்காற்றின் துணையோடு சற்று வெதுவெதுப்பிலேயே புளிக்கவைத்தார்கள். வசதி இல்லாததால் பிறந்த இந்த முறையை, வசதி வந்த பின்னர் ஏனைய ஆலைகள் எல்லாம் கைவிட்டுவிட, அங்கர் மட்டும் பிடிவாதமாகத் தொடர்ந்தது. 1906ஆம் ஆண்டின் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் அந்த ஆலையை அழித்தன. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் நடைமுறையிலிருந்த மதுவிலக்கு அதை மூடிவைத்தது. இரண்டு தடவையும் அது எழுந்து வந்தது.

மூன்றாவது கண்டம் 1965இல் வந்தது. அப்போது பெரிய கொம்பனிகளின் வெளிறிய மலிவு பியர் நாடெங்கும் பரவியிருக்க, அங்கர் கடனில் மூழ்கி மூடப்படும் நிலைக்கு வந்திருந்தது. சலவை இயந்திரம் செய்து புகழ்பெற்ற குடும்பத்தில் பிறந்த பிரிட்ஸ் மேட்டாக் என்ற இளைஞர், தான் விரும்பிக் குடிக்கும் பியரின் ஆலை மூடப்படப்போகிறது என்று கேள்விப்பட்டு, போய்ப் பார்த்து, அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கிவிட்டார். வாங்கிய ஆலையின் பியரோ பல வேளைகளில் புளித்துப்போய்க் கடைகளிலிருந்து திரும்பி வந்தது. அவர் நுணுக்குக்காட்டியும் கையுமாக நொதியத்தைப் படித்தார். குழாய்களையும் தொட்டிகளையும் கழுவுவதையே முதல் வேலையாக்கினார். அந்தப் பழைய முறையில் காய்ச்சிய அங்கர் ஸ்டீம் பியர் ஒழுங்காகப் போத்தலில் வெளிவர 1971 ஆகிவிட்டது. 1975இல், அப்போது புதிதாக வந்திருந்த கஸ்கேட் என்ற ஹொப் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வகையின் நறுமணத்தை அள்ளிக்கொட்டிய லிபர்ட்டி ஏல் என்ற பியர் வந்தது. இன்று உலகம் முழுவதும் இளைஞர்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் ஹொப் மணமும் கசப்பும் தூக்கலான அமெரிக்க ஐபிஏ பியர் வகைகளுக்கு அதுதான் மூதாதை என்று பலர் எழுதியிருக்கிறார்கள்.

அதே 1975இல் தொடங்கிய கிறிஸ்மஸ் ஏலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அதன் செய்முறை மாறும். என்ன சேர்த்தார்கள் என்பதை வெளியே சொல்லமாட்டார்கள். லேபிளில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய மரம் இருக்கும். ஜிம் ஸ்டிட் என்ற ஓவியர் அந்த மரங்களை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கையால் வரைந்துவந்தார். ஓர் ஆண்டுக்கு உரியது மறு ஆண்டு கிடைக்காது என்பதால், போத்தல்களைக் குடிக்காமலே அடுக்கிவைத்தவர்களும், குடித்துவிட்டு வெறும் போத்தலை அடுக்கிவைத்தவர்களும் உண்டு. மச்சான் நின்ற வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற ஒரு முதியவர், பழைய கிறிஸ்மஸ் போத்தல்கள் சிலவற்றைப் பத்திரிகைத் தாளில் சுற்றி ஒரு பையில் கொண்டுவந்திருந்தாராம். உள்ளே போனதும் பியருக்குச் சொல்லுமுன்பே அவற்றை மேசையில் நிறுத்தி, ஆலையில் வேலைசெய்தவர்களிடம் லேபிளின்மேல் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். அவர்களில் ஒருவர் இரண்டு போத்தல்களின் லேபிள்களைக் காட்டி, இவற்றைக் காய்ச்சியபோது நான் இங்கே இருந்தேன் என்று சொல்லிக் கையெழுத்திட்டாராம்.

மேட்டாக்கின் இன்னொரு செயல்தான் என்னை அதிகம் கவர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் சிறு ஆலைகளின் பியருக்கு மவுசு ஏறியபோது, பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்று ஆலையைப் பெருப்பிக்கும் ஆயத்தங்கள் நடந்தன. அவர் யோசித்துப் பார்த்து அதைக் கைவிட்டார். ஓர் ஆலை சிறியதாகவும் இலாபகரமாகவும் நல்ல பெயரோடும் இருந்துவிட்டுப் போகலாம், வளர்ந்தே ஆகவேண்டும் என்பது விதியல்ல என்பது அவருடைய நிலைப்பாடு. தன்னிடம் வந்து தொழில் கேட்ட புதியவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, போட்டியாளர்களைத் தானே உருவாக்கினார். 1970களின் இறுதியில் நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கியிருந்த அமெரிக்க பியர் ஆலைகள் இன்று ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டன என்றால், அந்தக் கதையின் முதல் பக்கங்களில் அவருடைய பெயர் இருக்கிறது.

அந்த பியரின் சுவையைக் கேட்பவர்களுக்காக: மச்சான் ஒருமுறை பயணப்பெட்டியில் உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்ததைக் குடித்திருக்கிறேன். செம்பொன் நிறம், பாணை வாட்டியது போன்ற மணம், நாவின் பின்பக்கத்தில் நின்று மெல்ல இறங்கும் கசப்பு. 4.9 சதவீதம்தான். எங்கள் இளைஞர்கள் 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியரை மூக்கைப் பிடித்துக்கொண்டு இறக்கும் வேகத்தில் இதை இறக்கினால் ஒன்றுமே தெரியாமல் போய்விடும்.

ஆலை எப்படி மூடப்பட்டது என்பதற்கு, குடிப்பவர்கள் கைவிட்டுவிட்டார்கள், கடைசி நாளில் மட்டும் அழ வந்தார்கள் என்ற விளக்கம் அங்கேயும் சொல்லப்பட்டது. எனக்கு அது அரைகுறை நியாயமாகவே படுகிறது. விற்பனை ஆண்டுக்காண்டு குறைந்துவந்தது உண்மை. பார்களையும் உணவகங்களையும் பெரிதும் நம்பியிருந்த ஆலையைக் கொரோனா முடக்கியதும் உண்மை. ஆனால் மேட்டாக் 2010இல் ஆலையை விற்று ஓய்வுபெற்ற பின்னர், 2017இல் யப்பானின் சப்போரோ கொம்பனி அதை வாங்கியது. 2021இல் கையால் வரைந்த லேபிள்களை நீக்கிவிட்டுப் பளீரென்ற மஞ்சளும் நீலமுமாக மாற்றினார்கள். பழைய வாடிக்கையாளர்கள் கடைத்தட்டில் தங்கள் பியரை அடையாளம் காணமுடியாமல் திட்டித் தீர்த்தார்கள். 2022இல் அதே கொம்பனி, தன்னுடைய சொந்த பியரை அமெரிக்காவிலேயே பெருமளவில் காய்ச்சுவதற்காக, தென்கலிபோர்னியாவிலுள்ள ஸ்டோன் என்ற பெரிய ஆலையை வாங்கியது. அதன்பின் மலைச்சரிவில் செப்புக் கொப்பரைகளோடு நின்ற பழைய ஆலையால் அவர்களுக்கு என்ன தேவை இருந்திருக்கும்? 2023 யூனில், கலிபோர்னியாவுக்கு வெளியே விற்பதில்லை என்றும் கிறிஸ்மஸ் ஏலை நிறுத்துகிறோம் என்றும் அறிவித்தார்கள். அடுத்த மாதம் ஆலையே இல்லை. வரிசையில் நின்றவர்கள் தினமும் வந்து குடித்திருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறியிருக்காது என்பதே என் எண்ணம்.

அங்கே வேலைசெய்தவர்கள் 2019இலேயே தொழிற்சங்கம் அமைத்திருந்தார்கள். மூடும் அறிவிப்பு வந்ததும், நாங்களே சேர்ந்து ஆலையை வாங்கிக் கூட்டுறவாக நடத்துகிறோம், அவகாசம் தாருங்கள் என்று கேட்டார்கள். அது கைகூடவில்லை. 2024 மே மாத இறுதியில், தயிர் விற்றுப் பெருஞ்செல்வரான ஹம்தி உலுகாயா, கட்டடம், கொப்பரைகள், செய்முறைகள் எல்லாவற்றையும் வாங்கினார். நல்லது. ஆனால் எத்தனாவது மணியில் தொட்டியின் நுரை சரியும் என்பதைப் பார்த்தவுடன் சொல்லக்கூடிய ஆட்கள் அந்த விற்பனைப் பத்திரத்தில் வரமாட்டார்கள்.

இனி எங்கள் பக்கம். 19ஆம் நூற்றாண்டிலிருந்து நுவரெலியாவின் குளிரில் பியர் காய்ச்சிய ஆலை, 1990களின் இறுதியில் பியகமவுக்கு இடம்மாறியது. அந்த ஆலையின் லயன் ஸ்டௌட் என்ற கறுப்பு பியரைப் புகழ்ந்து உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் மைக்கல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய பியர் எழுத்தாளர், பாடகர் அல்லர். மலையிலிருந்து அந்தக் கொப்பரைகள் இறங்கியபோது யாழ்ப்பாணத்தில் நாங்கள் யுத்தத்துக்குள் இருந்தோம், அதைப் பற்றிக் கவலைப்பட எங்களுக்கு நேரமில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். கள்ளுக்கு அந்தச் சாட்டும் இல்லை.

சீவல் தொழிலாளி ஒருவர் தளநாரைக் காலில் பூட்டி விடியமுன் பனையில் ஏறி, பல நாட்களாகத் தட்டிப் பதப்படுத்திய பாளையின் நுனியைத் தாளின் கனத்தில் சீவி, முட்டியை மாற்றிக்கொண்டு இறங்கி, பின்னேரம் அதே மரத்தில் மீண்டும் ஏறுகிறார். சற்றுத் தடிப்பாகச் சீவினால் பாளை வீணாகும். ஒருநாள் ஏறாமல் விட்டால் கள்ளின் வரத்து குறையும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு. நொதியத்தை எவரும் வாங்கிப் போடுவதில்லை. அது காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் இருக்கிறது. காலைக் கள்ளில் இனிப்பு நிற்கும்; பின்னேரமாகும்போது உறைப்பும் புளிப்பும் ஏறும். இதைவிடக் கைத்தொழிலான ஒரு மதுபானத்தை நான் அறியேன். சிறு ஆலைகளின் கிராஃப்ட் பியர் என்று உலகம் கொண்டாடும் எல்லாக் குணங்களும், லேபிளைத் தவிர, இதில் இருக்கின்றன.

ஆனால் இதை இறக்கியவர்களை இந்த ஊர் எப்படி நடத்தியது என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கையால் பிளாவில் (பனையோலைக் குவளையில்) வார்த்த கள்ளை வாங்கிக் குடித்தவர்களே, அவர்களுக்குத் தேநீர்க்கடையில் தனிக் குவளையும் கோயில் வாசலில் எல்லையும் வைத்தார்கள். 1960களில் அதற்கு எதிராகப் போராட்டமே நடத்தவேண்டியிருந்தது. இன்று குவளை மாறியிருக்கிறது. பார்வை முழுமையாக மாறிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தகப்பன் ஏறிய மரத்தில் மகன் ஏற விரும்பாமைக்கு, விழுந்தால் முறியும் முதுகெலும்பு ஒரு காரணம். பெண் கேட்டுப் போகும் இடத்தில் தொழிலைச் சொல்லக் கூசவைக்கும் ஊர் இன்னொரு காரணம். மகனைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. அங்கர் தொழிலாளர்கள் கேட்டும் கிடைக்காத கூட்டுறவு, எங்கள் சீவல் தொழிலாளர்களிடம் 1970களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. கள்ளு விற்கும் தவறணைகளைக் குத்தகைக்காரரிடமிருந்து மீட்டு, தொழில் செய்பவர்களின் சங்கங்களிடம் கொடுத்த அந்த மாற்றத்தின் பெறுமதியை, அங்கே கள்ளுக் குடிக்கும் எத்தனை பேர் ஒருநாளாவது நினைத்திருப்போம்?

குடியால் அழிந்த குடும்பங்கள் என் ஒழுங்கையிலேயே இருக்கின்றன; பாடசாலைக்கு அருகில் பார் திறக்க அனுமதி கொடுத்தால் எதிர்த்து வீதியில் நிற்பவர்களோடு நானும் நிற்பேன். அந்த எதிர்ப்புக்கும் இந்தப் பதிவுக்கும் முரண்பாடு இருப்பதாக நான் நினைக்கவில்லை. வேலியோரம் ஒளித்து, அவசரமாக, வெறிப்பதற்காக மட்டும் குடிக்கும் பழக்கம்தான் வீட்டையும் கெடுக்கிறது, தொழிலையும் கேவலப்படுத்துகிறது. சான் பிரான்சிஸ்கோவில் அவர்கள் பட்டப்பகலில் வரிசையில் நின்று, காய்ச்சியவரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். எனக்குப் பொறாமை வந்தது அதில்தான்.

செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சங்கங்கள் போத்தலில் அடைத்து விற்கும் கள்ளின் லேபிளில், அது எந்த ஊரில் எந்தத் திகதியில் இறக்கப்பட்டது என்பதும், சீவியவர் விரும்பினால் அவருடைய பெயரும் இடம்பெறவேண்டும். பல மரத்துக் கள்ளு கலந்துதான் போத்தலுக்குள் போகிறது, ஒருவர் பெயரை எப்படிப் போடுவது என்று கேட்கலாம். அப்படியானால் அந்தச் சங்கத்தில் அந்தப் பருவத்துக்கு ஏறுகிறவர்கள் எல்லோருடைய பெயரையும் தவறணைச் சுவரில் ஒரு பலகையில் எழுதட்டும். பலகைக்கும் பெயின்ருக்கும் ஆகும் செலவை நான் தருகிறேன். மாசி, பங்குனியில் பனங்கள்ளு தொடங்குமுன் எங்கள் பகுதிச் சங்கத்தில் இதைக் கேட்கப்போகிறேன்; கூட வர விரும்புபவர்கள் சொல்லுங்கள்.