வி.ஏ.ஆர். எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

2010 ஜூன் 27 அன்று, தென்னாப்பிரிக்காவின் ப்ளூம்ஃபோன்டெய்னில் நடந்த கால்பந்து உலகக் கோப்பை ஆட்டத்தில், இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்டு உதைத்த பந்து மேல்கம்பத்தில் பட்டு, கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்து, மீண்டும் வெளியே எகிறியதைத் தொலைக்காட்சியில் பார்த்த அத்தனை பேரும் கண்டோம். காண வேண்டிய நடுவரும் கோட்டு நடுவரும் மட்டும் காணவில்லை. அந்தக் கோல் ஏற்கப்பட்டிருந்தால் ஆட்டம் 2-2 என்றாகியிருக்கும். முடிவில் ஜெர்மனி 4-1 என்று வென்றது. நான் இங்கிலாந்தின் ஆதரவாளன் அல்லன். சொல்லப்போனால் அன்று ஜெர்மனி வெல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். இருந்தும் அந்த வெற்றி எனக்கு இனிக்கவில்லை. அன்றிலிருந்து நான் கேமராக்களின் கட்சி.

ஆகவே, தனி அறையில் இருப்பவர்கள் திரையில் பார்த்து மைதான நடுவரின் தீர்ப்பைத் திருத்த உதவும் வி.ஏ.ஆர். எனப்படும் காணொளி உதவி நடுவர் முறையை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று நண்பர்கள் வாரந்தோறும் கொதிக்கும்போது என்னால் உடனே தலையாட்ட முடிவதில்லை. அவர்களுடைய கொதிப்பு பொய்யானது என்று சொல்லவும் முடிவதில்லை. 2024இல் வுல்வர்ஹாம்டன் அணி இந்த முறையைக் கைவிடக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தபோது, இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கின் மற்ற 19 அணிகளும் எதிர்த்து வாக்களித்தன. நார்வேயிலோ அதே ஆண்டில் ரோசன்போர்க், லில்லஸ்ட்ரோம் அணிகளின் ஆட்டம், ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளையும் மீன் கேக்குகளையும் மழையாகப் பொழிந்ததால் பாதியிலேயே கைவிடப்பட்டது. (எதிர்ப்புக்கு மீன் கேக்கைத் தேர்ந்தெடுத்தவரின் கற்பனைக்கு என் வணக்கம்.) அங்குள்ள கிளப்புகளில் பெரும்பான்மை நீக்கச் சொல்லியும், 2025 மார்ச்சில் கூடிய கால்பந்துச் சங்கப் பொதுக்குழு முறையைத் தக்கவைத்துக்கொண்டது. சுவீடனில் ரசிகர்களின் எதிர்ப்பினால் அது நுழையவே இல்லை.

ஆதரிப்போர் கையில் எப்போதும் ஓர் எண் இருக்கிறது. முக்கியமான தீர்ப்புகளில் சரியானவை 82 விழுக்காட்டிலிருந்து 96 விழுக்காடாக உயர்ந்துவிட்டதாக, அந்த வாக்கெடுப்புக் காலத்தில் பிரீமியர் லீக் சொன்னது. அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. எதைக் கூட்டி அந்த எண் வந்தது என்பதில்தான் எனக்குத் தயக்கம். பந்து கோட்டைத் தாண்டியதா என்பதற்கு ஒரே ஒரு விடைதான் உண்டு. தடுப்பாட்டக்காரரின் முழங்கால் பட்டதனால்தான் முன்கள வீரர் விழுந்தாரா, அந்த உரசல் பெனால்டிக்குப் போதுமானதா என்பதற்கு, பத்து நடுவர்களைக் கேட்டால் நால்வர் ஒருபுறமும் அறுவர் மறுபுறமும் நிற்பார்கள். முன்னது காட்சி, பின்னது கருத்து. இரண்டையும் ஒரே தராசில் போட்டுச் "சரி" என்று எடை காட்டுவதில்தான் இந்த விவாதம் முழுவதும் தடம் புரள்கிறது.

இந்த வேறுபாட்டை விளக்க ஒரே ஓர் ஆட்டம் போதும் என்று நினைக்கிறேன். 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாமும் லிவர்பூலும் மோதிய ஆட்டம். 26ஆவது நிமிடத்தில் லிவர்பூலின் கர்ட்டிஸ் ஜோன்ஸின் கால் பந்தின் மேல் பட்டு வழுக்கி எதிரணி வீரரின் கணுக்காலில் போய் இறங்கியது. நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். வி.ஏ.ஆர். அறை அழைக்க, அவர் திரையருகே ஓடினார். அங்கே அவருக்கு முதலில் காட்டப்பட்டது, பூட்ஸ் ஆணிகள் காலில் பதிந்த கணத்தில் உறைந்து நின்ற ஒரு படம். மஞ்சள் சிவப்பானது. கால் பந்திலிருந்து வழுக்கியது என்ற முதற்பாதிக் கதை அந்தப் படத்தில் இல்லவே இல்லை. சிவப்பு தவறு என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உறைந்த படத்தைக் கண்ட எந்த மனிதரும் வேறு முடிவுக்கு வந்திருக்க மாட்டார் என்று சொல்வேன்.

எட்டே நிமிடங்கள் கழித்து லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் அடித்தார். கோட்டு நடுவர் ஆஃப்சைடு என்று, அதாவது பந்து கொடுக்கப்பட்ட கணத்தில் அவர் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னே நின்றார் என்று, கொடியை உயர்த்தினார். அறையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். டியாஸ் ஆஃப்சைடு இல்லை என்பதையும் சரியாகவே கண்டார்கள். ஆனால் மைதானத்தில் கோல் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது என்று தவறாக நினைத்துக்கொண்டு, "சோதனை முடிந்தது" என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் தொடர்ந்தது. சில நொடிகளில் அறைக்குள் பதற்றம் எழுந்தும், ஆட்டம் மீண்டும் தொடங்கிய பின் திரும்பிப் போக விதி இடங்கொடுக்கவில்லை. பிறகு வெளியிடப்பட்ட அந்த உரையாடலின் ஒலிப்பதிவைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது சூழ்ச்சி அல்ல, வெறும் கைப்பிசகு என்பது. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள இடத்தில் அறை துணிந்து தலையிட்டது. ஐயத்துக்கே இடமில்லாத இடத்தில் கோட்டைவிட்டது.

ஆஃப்சைடும் நான் சொன்ன காட்சிப் பட்டியலில்தான் சேர வேண்டும், ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நொடிக்கு 50 பிரேம் எடுக்கும் கேமராவில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழிகிறது. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் வீரர் அதற்குள் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். தடுப்பாட்டக்காரர் எதிர்த்திசையில் ஓடினால் இடைவெளி இன்னும் பெருகும். பந்து காலை விட்டுப் பிரிந்த கணம் எந்தப் பிரேமில் என்பதே உறுதியில்லாதபோது, அக்குளுக்கும் முழங்காலுக்கும் கோடு கிழித்து விரல் அகல வித்தியாசத்தில் கோலைப் பறித்தது, அளவுகோலுக்கே தெரியாததை அளந்ததாகக் காட்டிக்கொள்வதுதான். இங்கே கூடுதல் தொழில்நுட்பம்தான் மருந்தாயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2022 உலகக் கோப்பையில் பந்துக்குள் வைத்த உணரி நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. கூரையடியில் 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளைத் தொடர்ந்தன. தொடக்க ஆட்டத்தின் மூன்றாவது நிமிடத்திலேயே எக்வடாரின் கோல் அதனால் செல்லாமல் போனது. அரங்கம் முணுமுணுத்தது, அவ்வளவுதான். காட்சியை மட்டும் சொல்லும் கருவியோடு மக்கள் நெடுநேரம் சண்டை போடுவதில்லை.

வி.ஏ.ஆர். நெறிமுறையை வகுத்தவர்களுக்குக் காட்சிக்கும் கருத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு தெரியாமல் இல்லை. "தெளிவான, வெளிப்படையான பிழை" இருந்தால் மட்டுமே தலையிட வேண்டும் என்றும், மெதுவோட்டத்தை மோதல் நடந்த இடம் போன்றவற்றைக் காண மட்டுமே பயன்படுத்தி, மோதலின் வேகத்தை இயல்பான ஓட்டத்தில்தான் மதிப்பிட வேண்டும் என்றும் அவர்களே எழுதி வைத்தார்கள். பிறகு அதே நெறிமுறையில், வேகத்தைவிடத் துல்லியம் முக்கியம் என்பதால் பரிசீலனைக்குக் கால வரம்பு இல்லை என்றும் எழுதினார்கள். என் பார்வையில் எல்லாக் கேட்டுக்கும் வேர் இந்த ஒரு வரி. 2025 மார்ச்சில் போர்ன்மவுத், வுல்வர்ஹாம்டன் அணிகள் மோதிய இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் ஒரு கோலைப் பரிசீலிக்க ஏறத்தாழ எட்டு நிமிடங்கள் பிடித்தன. எட்டு நிமிடம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய பிழைக்கு "வெளிப்படையான" என்ற அடைமொழி எப்படிப் பொருந்தும்?

எனவே என் தரப்பு இதுதான்: கோல் கோடு, தானியங்கி ஆஃப்சைடு, ஆள் மாறி அட்டை காட்டுவது, நடுவரின் முதுகுக்குப் பின்னால் விழும் குத்து ஆகியவற்றுக்குக் கேமரா இருக்கட்டும். பெனால்டிக்கும் சிவப்பு அட்டைக்கும் அறையில் இருப்பவர் இயல்பான வேகத்தில் ஒருமுறை பார்க்கட்டும். இரண்டாவது முறை பார்க்கத் தோன்றினாலே அது மைதான நடுவரின் தீர்ப்பாக நின்றுவிடட்டும். அப்படியானால் 2009இல் அயர்லாந்துக்கு எதிராகப் பிரான்சின் தியரி ஹென்றி கையால் பந்தை அணைத்துக் கொடுத்த கோல் தப்பித்துவிடுமே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். தப்பாது. அதை முதல் மறு ஒளிபரப்பிலேயே உலகம் கண்டது. தப்புவது, 2018 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் குரோவேஷியாவின் பெரிசிச்சின் கையில் பந்து பட்டு, பிரான்சுக்குப் பெனால்டி கிடைத்தது போன்ற நிகழ்வுகள்தான். அன்று நடுவர் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்து, மனம் ஒப்பாமல் மீண்டும் திரையிடம் போனார். அவருடைய அந்தத் தயக்கமே குரோவேஷியாவுக்குச் சாதகமான தீர்ப்பாக இருந்திருக்க வேண்டும்.

பயிற்சியாளர்களே மேல்முறையீடு கேட்கும் முறையை ஃபிஃபா 2024இல் 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் சோதித்துப் பார்த்தது. அணிக்கு இரண்டு வாய்ப்புகள், முறையீடு வென்றால் வாய்ப்பு குறையாது. என் நண்பர்கள் பலர் இதைத்தான் தீர்வாகச் சொல்கிறார்கள். எனக்கு அரைமனம்தான். 90ஆவது நிமிடத்தில் முன்னிலையில் இருக்கும் பயிற்சியாளர் கையில் ஒரு வாய்ப்பு மிச்சமிருந்தால், அவர் அதை நியாயம் கேட்கப் பயன்படுத்துவாரா, நேரத்தைக் கரைக்கப் பயன்படுத்துவாரா என்பதைக் கால்பந்து பார்க்கும் எவரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.