பாட்டு வருகிறது, படம் வரவில்லை

மூன்று வருடம் காசு சேர்த்து வாங்கிய 5.1 ரிசீவர்; டிவியோடு இணைத்தால், சுற்றிலும் வைத்த ஐந்து ஸ்பீக்கரிலும் ஒரு சப்வூஃபரிலும் ஒலி தரும் பெட்டி. முதல் நாள் படத்தில் மழை பெய்தபோது, பின்னாலிருந்த இரண்டு ஸ்பீக்கரிலும் தூறல் கேட்டு, அம்மா கொடியில் காயும் துணியை எடுக்க எழுந்துவிட்டார். அவ்வளவு அருமையான ஒலி!

வாரண்டி முடிந்து இரண்டே மாதம், டிவிக்குப் படத்தை அனுப்பும் எச்டிஎம்ஐ போர்டு போய்விட்டது. ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்றும் ஆகவில்லை. எஃப்எம் போட்டால் இன்றும் கணீரென்று பாடுகிறது. டிவியில்தான் ஐந்து நிமிடம் படம் வரும், அப்புறம் இருட்டு. மேல்மூடியில் கை வைத்தால் தோசைக்கல் சூடு. அந்தச் சூட்டில் சிப்பைப் போர்டோடு பிடித்திருக்கும் சால்டர் பற்று விட்டுப்போகும் என்று செய்தவர்களுக்குத் தெரியாதா? உள்ளே ஒரு சின்ன ஃபேன் வைக்கக் கூடாதா? சர்வீஸ் சென்டரிலோ, “இந்த மாடலுக்கு போர்டு வர்றதில்ல சார், புதுசு வாங்கிடுங்க” என்கிறார்கள். ஒரு போர்டுக்காக, நன்றாகப் பாடுகிற பத்து கிலோ பெட்டியை எப்படித் தூக்கிப் போடுவது? வயிறு எரிகிறது.