23-க்குக் கீழே என்றால் பிள்ளை பருமன் இல்லையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பெற்றோரின் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “இந்தியப் பிள்ளைகளுக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினால்தான் பருமன்.” தவறு.

23 என்பது ஆசியப் பெரியவர்களுக்காக உலகச் சுகாதார நிறுவன நிபுணர் குழு 2004-இல் வெளியிட்ட எச்சரிக்கை அளவு. பிள்ளைகளுக்கு அப்படி ஒரே எண் கிடையாது. வயதும் பாலினமும் பார்க்க வேண்டும். 7 வயதுப் பையன், உயரம் 120 சென்டிமீட்டர், எடை 29 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். குறியீடு என்பது கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்: 29-ஐ 1.2-ஆல் இரண்டு முறை வகுத்தால் 20.1. சரி, 23-க்குக் கீழேதான். ஆனால் அதே நிறுவனத்தின் 2007 அட்டவணைப்படி அந்த வயதுப் பையனுக்குப் பருமன் எல்லையே சுமார் 19!

இனத்துக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் செய்தி சொல்வதற்கு நேர் எதிராக. பிரிட்டனில் உடல் கொழுப்பையே அளந்து பார்த்தார்கள். ஒரே குறியீடு உள்ள வெள்ளைக்காரப் பிள்ளையைவிடத் தெற்காசியப் பிள்ளைக்குச் சராசரியாகக் கொழுப்பு அதிகம். கறுப்பின ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு இது தலைகீழ். ஆக, “நம்ம பிள்ளை ஒல்லி எலும்பு” என்று பாட்டி சொல்வதை இங்கே நம்ப முடியாது.

கிளினிக்கில் எண்ணை மட்டும் கேட்காதீர்கள். வயதுக்கான அட்டவணையில் பிள்ளை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கேளுங்கள்.