வெயில் ஏறினால் எறும்பு தடத்தின் கலவையை மாற்றுமா?

மேலே ஒருவர், வெயில் ஏறினால் எறும்பு, மற்ற எறும்புகள் பின்தொடர்வதற்காகத் தரையில் தடவிப் போகும் தட வாசனையின் கலவையையே மாற்றிவிடும், அதனால் எந்தச் சூழலிலும் வழி தவறாது என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. சூடான தரையில் அந்த வாசனை சீக்கிரம் ஆவியாகிவிடும், அவ்வளவுதான். எறும்பு வரிசை பாதை மாறுவது வேறு விதமாக நடக்கிறது: இரை கிடைத்துத் திரும்பும் எறும்பு வயிற்று நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு வாசனையைத் தடவிக்கொண்டே வரும், சர்க்கரை தீர்ந்ததும் எதுவும் தடவாது, பழைய தடம் தானாக மங்கிவிடும். வீடுகளில் திரியும் பொடி மஞ்சள் எறும்பான பாரோ எறும்பு இன்னும் கெட்டி. இரை இல்லாத கிளைப்பாதையின் தொடக்கத்திலேயே 'இந்தப் பக்கம் வராதே' என்று விரட்டும் வாசனையை வைக்கிறது என்று 2005இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

வழி தவறாதா? 1989இல் வெளியான சோதனையில் அர்ஜென்டினா எறும்புகளுக்கு முதலில் நீளமான பாலத்தை மட்டும் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துக் குறுக்குப் பாலத்தைத் திறந்தார்கள். கூட்டம் பழைய சுற்றுவழியிலேயேதான் போய்க்கொண்டிருந்தது! சஹாராவின் கேட்டக்ளிஃபிஸ் எறும்போ கொதிக்கிற மணலில் தடமே போடாமல், சூரியனைப் பார்த்துத் திசையையும் நடந்த அடிகளை வைத்துத் தூரத்தையும் கணக்கிட்டு வீடு திரும்பும்.

அவர் எதைப் படித்துக் குழம்பினார் என்று ஊகிக்க முடிகிறது. அமெரிக்காவின் சிவப்பு அறுவடை எறும்பு வெயிலில் திரிந்தால் அதன் மேல்தோல் மெழுகில் ஹைட்ரோகார்பன் என்ற வேதிப்பொருள்கள் சிலவற்றின் பங்கு கூடும், கூட்டில் உள்ளவை அதை உணர்கொம்பால் தொட்டே இது இரை தேடப் போகும் எறும்பு என்று கண்டுகொள்ளும். ஆனால் அது உடம்பு வாசனை, தரையில் போடும் தடம் இல்லை.