கிளிக்கு உறைக்காது, யானைக்குச் சிவக்காது

(விசுவமடு. பின்னேரம், சோளன் தோட்டத்துக் காவல் கொட்டில். தோளில் மருந்தடிக்கிற மெசினோடு சின்னத்துரை. தேத்தண்ணிப் போத்தலோடு மனைவி பரமேஸ்வரி வருகிறார். மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். உரத்துத்தான் படிப்பாள், வீட்டில் எல்லாருக்கும் பாதிப் பாடம் மனப்பாடம்.)

பரமேஸ்வரி: என்னப்பா, நெடி மூக்கில் ஏறுது! என்ன மருந்து?

சின்னத்துரை: மருந்தில்லை. செத்தல் மிளகாயை அவித்து வடித்து அடித்திருக்கிறேன். கிளி வந்து ஒரு கொத்துக் கொத்தட்டும். பிறகு இந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்காது.

பரமேஸ்வரி: வீட்டில் இருந்த முழுச் செத்தலுமா? கிளிக்கு உறைக்காதே!

சின்னத்துரை: ஆர் சொன்னது?

பரமேஸ்வரி: உங்கட மகள்தான், இராத்திரி முழுக்க. உறைப்பு ருசியே இல்லையாம். சூட்டையும் நோவையும் உணருகிற ஒரு புரதம் இருக்கு. மிளகாயில் உள்ள கப்சைசின் அதில் போய் ஒட்ட, வாய் வேகுது என்று மூளை நினைக்குது. பறவைக்கும் அந்தப் புரதம் இருக்கு, ஆனால் கப்சைசினுக்கு அசையாது.

சின்னத்துரை: அதென்ன ஓரவஞ்சனை?

பரமேஸ்வரி: மிளகாய்ச் செடிக்கு அதில் இலாபம். நாங்கள் விதையைச் சப்பித் துலைத்துவிடுவோம். பறவை முழுசாய் விழுங்கி, அடுத்தவன் காணியில் எச்சத்தோடு போட்டு முளைக்கவைக்கும். ருசியும் பறவைக்குக் குறைவுதான். கோழிக்குச் சுவையரும்பு சில நூறு, மாட்டுக்கு இருபதாயிரத்துக்கு மேல்.

சின்னத்துரை: அதுதான் நீர் காய்ச்சிற கஞ்சியை மாடு மணந்துபோட்டுத் திரும்புது. கோழியும் நானும் பேசாமல் சாப்பிடுகிறோம்.

பரமேஸ்வரி: ஓம், இரவைக்குக் கோழிக்கு மட்டும்தான் சாப்பாடு.

சின்னத்துரை: சரி, கிளி போகட்டும். யானைக்கு வேற ஏற்பாடு. வேலியில் சிவப்புச் சேலை கட்டியிருக்கிறேன்.

பரமேஸ்வரி: யானைக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நிறம் பார்க்கிற கூம்புக் கலம் எங்களுக்கு மூன்று வகை, அதுக்கு இரண்டுதான். குரங்குக்கு எங்களைப்போல மூன்று. பழம் பழுத்திட்டுது என்று குடும்பத்தோடு இறங்கி வரும்... பொறுங்கோ. எந்தச் சிவப்புச் சேலை?

(சின்னத்துரை மெசினைக் கழற்றுகிறார். இவ்வளவு ஆறுதலாக மெசின் கழற்றுகிற மனுசனை ஊரில் ஒருவரும் கண்டதில்லை.)

சின்னத்துரை: அலமாரிக்கு அடியில் கிடந்தது. கரையில் சரிகை...

பரமேஸ்வரி: ஐயோ, என்ர கூறை! 2009இல் சட்டி பானையை எறிந்துபோட்டுத் தூக்கிக்கொண்டு ஓடின கூறை! செட்டிகுளம் முகாமுக்கும் வந்து திரும்பின கூறை!

சின்னத்துரை: பூச்சி உருண்டை மணக்குது. அந்த மணத்துக்காவது யானை பயப்படாதா?

பரமேஸ்வரி: மணத்தைப் பற்றி யானையிட்டையா கதை? மணம் பிடிக்கிற மரபணு எங்களுக்கு 400 அளவில். ஆபிரிக்க யானைக்கு ஏறக்குறைய 2000 என்று 2014இல் எண்ணியிருக்கிறார்கள், நாயினதைப்போல இரண்டு மடங்கு. எங்கட யானை அதின்ர ஒன்றுவிட்ட சகோதரம். இப்பவே போய் அவிழ்த்துக்கொண்டு வாங்கோ!

சின்னத்துரை: இருட்டுப்படுது. அது காட்டால் இறங்குகிற நேரமப்பா.

பரமேஸ்வரி: அப்ப காற்று எந்தப் பக்கம் அடிக்குது என்று பார்த்துப் போங்கோ. முதலில் கிணற்றடியில் ஒருக்கால் குளியுங்கோ.

சின்னத்துரை: சவர்க்காரம் போட்டோ?

பரமேஸ்வரி: வேண்டாம், மணக்கும்.